ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் இருக்கிறது

திருவண்ணாமலையில் அடி அண்ணாமலை வரும்போது கிரிவலக்காரர்களுக்கு 14 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். ஆதி அருணாசலேஸ்வரரைக் கும்பிட்டு, டீ குடித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். குடல் அழற்சி நோய் உள்ளவருக்குக் கணக்கே வேறு. அடுத்த கழிப்பறை எங்கே, பௌர்ணமி இரவில் அங்கே வரிசை எவ்வளவு, அதுவரை தாங்குமா? இந்தப் பயத்தில் முதல் நாள் மதியத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. வராமலே இருந்துவிடுகிறவர்கள் அதைவிட அதிகம் இருப்பார்கள்.

குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இரண்டையும் சேர்த்துத்தான் குடல் அழற்சி நோய் என்கிறார்கள். முன்னது வாயிலிருந்து ஆசனவாய்வரை எங்கும் வரலாம், குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கலாம். பின்னது பெருங்குடலின் உள்சவ்வைப் புண்ணாக்கும். இரண்டுமே உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குவதால் வருபவை. முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை, அடக்கி வைக்கலாம். நம் ஊரில் இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பெயர் ‘அல்சர்’. நேரத்துக்குச் சாப்பிடு, காரத்தைக் குறை என்பதோடு வைத்தியம் முடிந்துவிடும். குடல் காசநோயும் குரோனும் கேமராவில் ஒன்றுபோலத் தெரிவதால், முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டிய நிலையும் இங்கே மருத்துவர்களுக்கு உண்டு. இதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

வயிற்று வலியைத் தமிழில் முதன்முதலாக ஊரறியச் சொன்ன நோயாளி என்று அப்பரைச் சொல்லலாம். அவரை வாட்டிய சூலை எந்த நோய் என்று இன்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவருக்கு ‘குரோன்’ பட்டம் கட்டுவது அபத்தம். ஆனால், சமண–சைவச் சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு அவர் கதையைச் சொல்லும் சேக்கிழாரைப் படித்தால், ஒரு நோயாளியின் அலைச்சல் அப்படியே கிடைக்கிறது. சமணர்கள் மந்திரித்த தண்ணீர் குடிக்கக் கொடுக்கிறார்கள், மயில்பீலியால் தடவுகிறார்கள், கடைசியில் கைவிரிக்கிறார்கள். அவர் சமையல்காரரை அக்காவிடம் தூது அனுப்புகிறார். பிறகு திருவதிகையில் போய்ப் பாடும்போது, வலி குடலோடு சேர்த்துச் சுருட்டி முடக்குவதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார், தாங்க முடியவில்லை என்று முறையிடுகிறார். பொறுத்துக்கொள்வதைப் பெருமையாக நினைத்த ஆள் இல்லை அவர். நாமோ மதம் மாறிய கதையைப் பிடித்துக்கொண்டு வலியை விட்டுவிட்டோம்.

இன்றைய நோயாளிக்கு வலியைச் சொல்வதே சிக்கல். மருந்து வேலை செய்து, கொலோனோஸ்கோபியில் புண் ஆறியிருக்கும். மலப் பரிசோதனையிலும் அழற்சி இருக்காது. “எல்லாம் நார்மல்” என்பார்கள். வலி மட்டும் போகாது. பல காலம் வெந்த குடலின் நரம்புகள் சாதாரண அசைவையும், கொஞ்சம் வாயுவையும்கூட வலியாகவே மூளைக்கு அனுப்பும். அழற்சி அடங்கியவர்களிலும் கணிசமானவர்களுக்கு இது உண்டு என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். வீட்டில் கிடைப்பது “வேலைக்குப் போகக் கள்ளம்” என்ற பேச்சு. மருமகளாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த வலிக்குச் சிறு அளவில் அமிட்ரிப்டிலின் எழுதித் தருவதுண்டு. மருந்துக்கடையில் யாராவது “இது மனநோய் மாத்திரை ஆச்சே” என்று சொன்னால் போதும், அட்டையோடு பரணுக்குப் போய்விடும். நரம்பின் கூச்சத்தைக் குறைக்கத்தான் இது என்று எழுதும்போதே இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொன்னால், பாதிப் பேராவது விழுங்குவார்கள். சொல்லாத இடத்தில் நோயாளி தானே வைத்தியம் தேடுகிறார்: டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன். இவை நோயைக் கிளறிவிடக்கூடியவை. இல்லாவிட்டால், எப்போதோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டையே மறுபடி மறுபடி வாங்கிப் போடுவார்கள். முகம் உப்பும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். இன்னொன்றும் உண்டு: வயிறு உப்பி, வாந்தியோடு, வாயுவும் மலமும் நின்றுபோய் வரும் வலி. அது குடல் அடைப்பாக இருக்கலாம். அதற்கு மாத்திரை தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அரசின் கணக்கிலும் இந்த வலி ஏறவில்லை. 2016 மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஹீமோஃபிலியா உண்டு, தலசீமியா உண்டு. குடல் அழற்சி நோய் இல்லை. தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது, வலி தணிப்புச் சிகிச்சையும் தருகிறது. குடல் அழற்சிக்கு ஆண்டுக்கணக்கில் மெசலமின் மாத்திரை விழுங்குகிறவரை அந்தப் பட்டியலில் சேர்ப்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை.

கழிப்பறைக்கு வருவோம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், குரோன் நோய் உள்ள 14 வயதுச் சிறுமியை ஒரு கடையில் கழிப்பறைக்கு விடவில்லை. அதிலிருந்து 2005இல் சட்டமே வந்தது: இத்தகைய நோய் உள்ளவர் அவசரம் என்று கேட்டால், ஊழியர்களுக்கான கழிப்பறையைக் கடைக்காரர் திறந்துவிட வேண்டும். கிரிவலப் பாதையில் மூத்தோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் தனி வரிசை கேட்பதுபோல, கழிப்பறை வாசலிலும் மருத்துவச் சீட்டைக் காட்டினால் முன்னால் விட வேண்டும் என்று திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகம் அடுத்த தீபத்துக்கு முன்பே உத்தரவு போடலாம். செலவு, ஒரு பலகையும் அதைப் படித்துச் சொல்ல ஓர் ஆளும்தான்.