மொட்டைமாடிக்கு நாள் குறிப்பது

கொல்கத்தாக்காரருக்குக் கொல்லைப்புறம் தலைக்கு மேலே இருக்கிறது. 'சாத்' என்று அவர்கள் சொல்லும் மொட்டைமாடியில்தான் துணி காயும், ஊறுகாய் வெயில் வாங்கும், விஸ்வகர்மா பூஜையன்று பட்டம் பறக்கும். அங்கே மரப்பலகையால் ஒரு தளம் போட்டு, நாலு தொட்டிச் செடியோடு மாலையில் காற்று வாங்க வேண்டும் என்கிற ஆசைக்கு லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்களும் விலக்கல்ல. எந்த மாதத்தில் ஆரம்பிப்பது என்பதுதான் கேள்வி.

ஊரிலிருந்து வந்தவர் யோசிக்காமல் சித்திரை, வைகாசி என்பார். சென்னைக்குச் சரி. இங்கே அது கால்பைசாகியின் காலம். சாயங்காலம் வடமேற்கில் கறுக்கும்; அரை மணியில் தகரமும் தார்ப்பாயும் தெருவில் கிடக்கும். ஐலா வந்தது 2009 மே 25-ல். அம்பன் 2020 மே 20-ல். ஜூன் இரண்டாவது வாரம் பிடிக்கிற பருவமழை அக்டோபர் இரண்டாவது வாரம் வரை விடாது. இங்கே மழை நிற்கும்போதுதான் சென்னையில் தொடங்குகிறது. நம் கணக்கைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும்.

அக்டோபரில் ஆள் கிடைக்க மாட்டார்கள். மூங்கிலும் அதைக் கட்டுகிறவர்களும் துர்கா பூஜைப் பந்தல்களுக்குப் போயிருப்பார்கள். பின்னாலேயே காளி பூஜை. முர்ஷிதாபாத், மால்டா பக்கத்துக் கொத்தனார்களில் நெல் அறுப்புக்கு ஊர் போகிறவர்களும் உண்டு. ஆனாலும் நவம்பரில் ஒரு வேலையை முடித்துவிடுவது நல்லது: ஒழுகலைத் தேடுவது. மழையில் ஊறிய கறை அப்போதும் கூரையின் அடியில் தெரியும். ஜனவரியில் காய்ந்து மறைந்துவிடும்.

பழைய வீடுகளில் மேலே 'ஜல்சாத்' இருக்கும். செங்கல் ஜல்லி, சுர்க்கி, சுண்ணாம்பு கலந்து, வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய தளம். நம் மெட்ராஸ் டெரஸுக்குப் பங்காளி. அதில் துளை போட்டுப் பலகைச் சட்டத்தை முடுக்குவது பானையின் அடியில் ஆணி அடிப்பது போலத்தான். சட்டம் சின்னச் சின்னக் கட்டைகள் மேல் சும்மா உட்கார வேண்டும். அதற்கும் முன்னால், உத்திரங்கள் இந்தப் பாரத்தைத் தாங்குமா என்று ஓர் இன்ஜினியரிடம் கேட்டுவிட வேண்டும்.

பலகைக்கு நீம்தலா மரக்கடைகள். மழைக்காலத்து மரம் ஈரத்தைக் குடித்துப் பருத்திருக்கும். அப்போது பொருத்தினால் குளிரில் சுருங்கிப் பல்லிளிக்கும். குளிர்காலத்தில் காய்ந்த மரத்தை நெருக்கிப் பொருத்தினாலோ, ஆடி மழையில் உப்பி ஒன்றையொன்று நெட்டித் தள்ளும். ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் பொருத்துங்கள். பலகைக்குப் பலகை ஐந்து மில்லிமீட்டர் விடுங்கள். 'சந்து தெரிகிறதே' என்று வீட்டில் குறைப்பட்டால் ஜூலை வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

நம் மார்கழியும் அவர்களுடைய பௌஷும் ஒரே மாதம். நல்ல காரியம் தொடங்க இரு வீட்டாருக்கும் தயக்கம். மரத்துக்கும் சாந்துக்கும் அந்தத் தோஷம் கிடையாது என்பது என் கட்சி. மாமியார் ஒப்பாவிட்டால் தை பிறக்கட்டும், இன்னும் நேரமிருக்கிறது.

அழகைவிட முக்கியமானவை இரண்டு. பலகைக்கடியில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அதைவிட வசதியான வீடு வேண்டாம். கழற்றிப் பெருக்குகிற மாதிரி நாலு பலகையாவது இருக்கட்டும். அடுத்தது, மாடிக் கதவு. 2010 மார்ச் 23-ல் பார்க் ஸ்ட்ரீட் ஸ்டீபன் கோர்ட் தீயில் 43 பேர் இறந்தார்கள். மேலே ஓடியவர்களில் பலர் பூட்டிய மாடிக் கதவுக்கு முன்னால் விழுந்து கிடந்தார்கள். மாடி பக்கத்துக் குடித்தனத்துக்கும் தப்பும் வழி. கதவை அடைத்துத் தளம் போடவோ, சொந்த இடமாக்கிப் பூட்டு மாட்டவோ யாருக்கும் உரிமையில்லை.

கடைசித் திருகாணி மார்ச் முதல் வாரத்துக்குள் இறங்கிவிடட்டும். அப்புறம் சாயங்கால வேலையை வடமேற்கு வானம்தான் தீர்மானிக்கும்.