வாழ்க்கையில் யார் பாடுகிறார்கள்?

பாட்டு இல்லாத படம் தரமான படம் என்று நம்மூரில் சுலபமான ஓர் அளவுகோல் இருக்கிறது. 1954-இல் எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தது துணிச்சல்தான். அந்தத் துணிச்சலை விதியாக்கி, "வாழ்க்கையில் யாராவது திடீரென்று பாடுவார்களா?" என்று மடக்குகிறார்களே, அதுதான் நொண்டி வாதம்.

வாழ்க்கையில் யாரும் பாடுவதில்லை, சரி. அப்பா சாகும்போது பின்னால் யாரும் வயலின் வாசிப்பதும் இல்லை. திரையில் அந்த வயலினுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்பவர், பாத்திரம் வாயைத் திறந்து பாடினால் மட்டும் பொய் என்கிறார். கதையை நிறுத்திவிட்டு ஜோடியை ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பும் பாட்டின் மேல் கோபம் வருவது நியாயம். அது மோசமான பாட்டின் மேல் வரவேண்டிய கோபம்.

எனக்கும் இசைச்சித்திரங்கள் ஆகாது. தெருவே ஆடத் தொடங்கினால் எழுந்து போய்விடத் தோன்றும், இன்றும். ஆனாலும் பிரெஞ்சு இயக்குநர் ழாக் டெமியின் 'ஷெர்பூரின் குடைகள்' (1964) என்னை அழவைத்தது. அதில் பேச்சே கிடையாது. கடன் பாக்கி, கர்ப்பம், வராத கடிதம் எல்லாமே பாட்டு. தொடக்கத்திலேயே ஒரு மெக்கானிக் தனக்கு ஆப்பெரா பிடிக்காது, சினிமாதான் மேல் என்கிறான். அதையும் பாடித்தான் சொல்கிறான்! நம் ஆட்சேபம் டெமிக்குத் தெரிந்தே இருக்கிறது.

கராஜில் வேலை செய்யும் கீ, 1957-இல் கட்டாய ராணுவ சேவைக்காக அல்ஜீரியா போகிறான். அவன் குழந்தையைச் சுமக்கும் ழெனவியேவுக்குக் கடிதங்கள் அரிதாகின்றன. அம்மாவின் குடைக்கடையோ கடனில். வசதியான நகை வியாபாரி பெண் கேட்கிறார்; கடைசியில் சம்மதிக்கிறாள். வில்லன் யாரும் இல்லை. இதே அல்ஜீரியப் போரைத் தொட்ட கோதாரின் 'சின்னச் சிப்பாய்' படம் 1963 வரை தடையில் கிடந்தது. டெமியோ அந்தப் போரை ஒரு பெண்ணின் வயிற்றுக்கும் ஒரு கடையின் கணக்குப் புத்தகத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்.

மிஷேல் லெக்ரானின் இசை முழுவதையும் முதலில் ஒலிப்பதிவு செய்துவிட்டுத்தான் படப்பிடிப்புக்குப் போனார்கள். ழெனவியேவாக நடித்த கத்ரீன் தெனெவ் வாயசைக்க, குரல் தானியல் லிகாரியுடையது. செயற்கையின் உச்சம் என்பீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. நடிகர் தன் இஷ்டத்துக்கு ஒரு சொல்லை இழுக்க முடியாது, தொண்டை அடைத்து நிற்க முடியாது. பிரியப்போகிறவர்கள் இன்னும் ஒரு நிமிடம் கெஞ்சினாலும் தாளம் நகர்ந்துவிடும். ஸ்டேஷனில் ரயிலும் காத்திருக்காது.

படத்தின் முடிவில், 1963 டிசம்பரில், ஊர் திரும்பிய கீ நடத்தும் பெட்ரோல் பங்க்குக்கு ழெனவியே காரில் வருகிறாள், மகளோடு. சூப்பரா, சாதாரணமா என்று பங்க் பையன் கேட்கிறான், அதுவும் பாட்டுத்தான். எதுவானாலும் சரி என்கிறாள். குழந்தையைப் பார்க்கிறாயா என்று கீயிடம் கேட்கிறாள். அவன் மறுத்து, நீ கிளம்பலாம் என்கிறான். ஒன்றரை மணி நேரம் எல்லாவற்றையும் பாடித் தீர்த்த இருவருக்கு அங்கே பாட ஒன்றும் மிச்சமில்லை. இதையே வசனப் படமாக எடுத்திருந்தால் பத்து நிமிடச் சண்டையோ, ஒரு மன்னிப்போ, கன்னத்தில் ஓர் அறையோ வைத்திருப்பார்கள். அதற்கு யதார்த்தம் என்று பெயரும் கொடுத்திருப்பார்கள்.