சிலுவையைச் சுமக்கச் சொல்கிறவர்கள்

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற வாசகர்களுக்கு இந்த வாரம் என் மேல் கோபம் வரலாம். வரட்டும்.

மாக்ஸிமிலியன் கோல்பே கதையைப் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். போலந்துக்காரர், பிரான்சிஸ்கன் சபைப் பாதிரியார். 1941 ஜூலைக் கடைசியில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து ஒரு கைதி காணாமல் போனான். அதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லப் பொறுக்கியெடுத்தான் நாஜி அதிகாரி. பத்தில் ஒருவர் காயோவ்னிச்செக் என்ற ராணுவ சார்ஜென்ட். பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துக் கதறினார். வரிசையிலிருந்து கோல்பே முன்னே வந்து, அவருக்குப் பதில் நான் போகிறேன் என்றார். இரண்டு வாரம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தும் உயிர் போகவில்லை. ஆகஸ்ட் 14 அன்று கார்பாலிக் ஆசிட் ஊசி போட்டுக் கொன்றார்கள்.

இதுவரை கேட்டால் யாருக்கும் தொண்டை அடைக்கும். எனக்கும்தான். இதற்கப்புறம் பிரசங்கத்தில் ஒரு வரி வருகிறது பாருங்கள், அதுதான் எரிச்சல். 'நீங்களும் உங்கள் சிலுவையைப் பொறுமையாகச் சுமக்க வேண்டும்.'

யாரைப் பார்த்து இதைச் சொல்கிறார்கள்? முக்காடு போட்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற, குடிகாரப் புருஷனிடம் தினமும் உதை வாங்குகிற பெண்ணைப் பார்த்து. அவள் எப்போதய்யா வரிசையிலிருந்து முன்னே வந்தாள்? அவளைப் பொறுக்கியெடுத்துத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்தக் கதையில் அவள் கோல்பே இல்லை, காயோவ்னிச்செக். கதறிக்கொண்டிருப்பவள். முன்னே வர வேண்டியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்!

இது என் சொந்தச் சரக்கு இல்லை. உயிரை யாரும் தன்னிடமிருந்து பறிக்கவில்லை, தானேதான் கொடுப்பதாக இயேசு சொன்னதாகத்தான் யோவான் எழுதிவைத்திருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் பாலிகார்ப் கொல்லப்பட்டதைப் பற்றி ஸ்மிர்னா நகரத்துச் சபை எழுதிய கடிதத்தில் குவிண்டஸ் என்று ஓர் ஆள் வருகிறான். சாவதற்குத் தானாகப் போய் நின்றான், மற்றவர்களையும் தூண்டிவிட்டான். காட்டு மிருகங்களைக் கண்டதும் நடுங்கிப்போய் விசுவாசத்தை விட்டுவிட்டான். இப்படிப்பட்டவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை என்கிறது அந்தக் கடிதம். அடுத்தவனைச் சாவுக்கு உசுப்பேற்றுவது அன்றைக்கே அசிங்கம்.

கோல்பேயை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதில் ரோமாபுரியிலேயே இழுபறி. மறைசாட்சி என்றால், விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொல்லப்பட்டிருக்க வேண்டும். இவரோ இன்னொரு மனுஷனுக்காகச் செத்தவர். 1971ல் போப் ஆறாம் பால் அவரை மறைசாட்சியாக அல்லாமல்தான் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 1982ல் போப் இரண்டாம் ஜான் பால் மறைசாட்சி என்றே புனிதர் பட்டம் கொடுத்தார். 2017ல் போப் பிரான்சிஸ், பிறருக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கென்று தனி வழியே திறந்தார். அதற்கு முதல் நிபந்தனை, சுதந்திரமாக, விரும்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது. நம் பிரசங்கிகள் அந்த ஆணையைப் படித்தார்களா?

கோல்பேயும் அப்பழுக்கில்லாத பொம்மை இல்லை. அவர் நடத்திய பத்திரிகைகளில் யூத வெறுப்புக் கட்டுரைகள் வந்தன. போர்க்காலத்தில் அவருடைய மடம் அகதிகளுக்கு இடம் கொடுத்தது, யூதர்களுக்கும்தான். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் விழுங்கிவிடுகிறார்கள். காயோவ்னிச்செக் முகாமிலிருந்து பிழைத்து வீடு திரும்பினார். மனைவி இருந்தார். மகன்கள் இரண்டு பேரும் போரில் செத்துப்போயிருந்தார்கள். அதற்குப் பிறகும் அந்த மனிதர் அரை நூற்றாண்டு வாழ்ந்தார். 1982ல் ரோமாபுரி விழாவுக்கும் வந்தார். 1995ல், 93 வயதில் இறந்தார். பிள்ளைகளுக்காக அப்பாவைக் காப்பாற்றிய கதை என்று சொல்ல இது இடைஞ்சல் அல்லவா, அதனால் வெட்டிவிடுகிறார்கள்.

அடுத்த தடவை இந்தப் பிரசங்கத்தைக் கேட்டால், பூசை முடிந்ததும் வாசலில் நின்று கேளுங்கள்: 'மூன்றாவது வரிசை அம்மா விஷயமா போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் கூட வர்றீங்களா, ஃபாதர்?'