முள்ளுக்குச் சோற்றுருண்டை மருந்தல்ல

தொண்டையில் மீன்முள் தைத்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் கேட்கும் குரல், "ஒரு பிடி சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கு" என்பதுதான். சோறு இல்லாவிட்டால் பாண் அல்லது வாழைப்பழம். சில வேளைகளில் முள் போய்விடுவதும் உண்டு. அதனாலேயே இந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. ஆனாலும் இதைக் கைவிட வேண்டும் என்பதே எமது கருத்து.

மெல்லிய முள் பெரும்பாலும் டொன்சில் சதையிலோ அடிநாக்கிலோதான் தைக்கிறது. வெளிச்சம் பிடித்துப் பார்த்து, வைத்தியர் இடுக்கியால் எடுத்துவிடலாம். சோற்றுருண்டை அழுத்தினால் அதே முள் இன்னும் ஆழமாக ஏறலாம். உணவுக்குழாய்க்குள் இறங்கி அங்கே சிக்கவும் கூடும். உணவுக்குழாய் துளைபட்டால் கிருமி கழுத்துக்கும் நெஞ்சுக்கும் பரவும். அது உயிராபத்து. விரலை விட்டுக் கிளறுவதும் கூடாது.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல. கொட்டிலில், குப்பிவிளக்கு வெளிச்சத்தில், பிள்ளைக்கும் ஊட்டிக்கொண்டு சூடைமீன் சாப்பிடும் தாய்க்கு முள் பார்க்க ஏது நேரம்? மீன் மட்டுமா? கூரை போடும்போது ஆணியை உதட்டில் கவ்வுகிறோம். சேலை உடுக்கும்போது ஊசியைப் பல்லில் கடிக்கிறோம். ஒரு தும்மல் போதும், அது மூச்சுக்குழாய்க்குள்ளும் போய்விடலாம். கட்டுப்பல் தளர்ந்த முதியவர்கள் அதைக் கம்பியோடு விழுங்கிவிடுவதும் நடக்கிறது. படுக்கும்போது கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, இரத்தம், காய்ச்சல், கழுத்து வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே புறப்பட வேண்டும். முள் போன பின்னும் கீறல் காரணமாக ஓரிரு நாள் குத்துவதுபோல் இருக்கும் என்பது உண்மைதான். என்றாலும் மறுநாளும் விழுங்கும்போது நோவு குறையாவிட்டால் காட்டியே ஆகவேண்டும்.

இன்னொன்று. பல மீன்முட்கள் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. "படத்தில் ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டாலும், நோவு இருந்தால் திரும்பிப் போய், காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் அனுப்பும்படி கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் இல்லை. அகதி என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் கூசிப்போன நமக்கு இரண்டாம் முறை கேட்பது கடினந்தான். கேட்பது நமது உரிமை.

போகும்போது எந்த மீன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதைச் சொல்லுங்கள். மயக்கமருந்து கொடுத்து எடுக்க நேரலாம் என்பதால் வழியில் தேநீரும் வேண்டாம்.