இடக்கைக்காரனுக்கு வக்கீல் கூடாதாம்!

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பேஸ்பால் ஆடும் இடக்கைப் பந்துவீச்சாளனின் எதிர்காலம் அவன் தோளிலும் முழங்கையிலும்தான் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிதான் அங்கே இருக்கிறது. மீதிப் பாதி ஒரு விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த விதியோடுதான் இன்று எனக்குச் சண்டை.

இந்த வயதில் இவனுக்கு எதற்கு பேஸ்பால் என்பீர்கள். மகள் வீட்டுக்குப் போன மூன்று தடவையும் மருமகனோடு உட்கார்ந்து பார்த்துப் பழகிவிட்டது. ஆட்டத்தைவிட அதன் சட்டதிட்டங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. முப்பத்தைந்து வருஷம் ஃபைல் கட்டியவனுக்கு அது தீராத வியாதி.

நாங்கள் படித்த பிரெஞ்சில் இடப்பக்கத்துக்கு 'கோஷ்' என்று பெயர். அதே சொல்லுக்குக் கோணல், தடுமாற்றம் என்றும் பொருள். வலப்பக்கத்துக்கும் சட்டத்துக்கும் உரிமைக்கும் வேர் ஒன்றே: 'த்ருவா'. ஆக, பாஷையிலேயே சட்டமெல்லாம் வலக்கைக்காரன் பக்கம்! நம் வீடுகளிலும் பீச்சாங்கையால் பென்சில் பிடித்த பிள்ளைக்கு அடிதான் விழுந்தது. பேஸ்பாலில் நிலைமை தலைகீழ். ஜனத்தொகையில் பத்தில் ஒருவர்தான் இடக்கைக்காரர். வீச்சாளர்களிலோ ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அவர்கள். இடக்கை மட்டையாளர்களுக்கு இவர்கள் பந்து சங்கடம் தரும். வீச நிற்கும்போது முதல் தளம் கண்ணெதிரே இருப்பதால், அங்கிருந்து ஓடத் துடிப்பவனையும் மடக்கலாம். இடக்கையால் வேகமாக வீசும் மாணவன் சந்தையில் தங்கம்.

அந்தத் தங்கத்தை விற்கும் முறைக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். 30 தொழில்முறை அணிகள் வருஷத்துக்கு ஒருமுறை கூடி வரிசையாகப் பெயர் சொல்லிப் பையன்களை எடுக்கின்றன. நாலு வருஷக் கல்லூரியில் சேர்ந்தவன் மூன்றாம் ஆண்டு முடித்திருக்க வேண்டும், அல்லது 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஓர் அணி அவன் பெயரைச் சொல்லிவிட்டால் அவன் அந்த அணியோடு மட்டும்தான் பேரம் பேசலாம். மற்ற 29 அணிகளின் கதவும் சாத்தப்படும். அவன் கையில் உள்ள ஒரே துருப்பு, "தொகை போதாது, நான் இன்னும் ஒரு வருஷம் கல்லூரியிலேயே ஆடுகிறேன்" என்று சொல்வதுதான்.

கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம் இங்கேதான் குறுக்கே வந்தது. வக்கீலிடம் நீ யோசனை கேட்கலாம். ஆனால் உன் சார்பில் அவர் அணியோடு ஒரு வார்த்தை பேசினாலும், பேரம் நடக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் உன் மாணவத் தகுதி போயிற்று. இதுதான் விதி. அதாவது அவனுடைய ஒரே துருப்பையும் பிடுங்கிக்கொள்வது.

ஆண்டி ஆலிவர் என்ற இடக்கை வீச்சாளர் கதையைக் கேளுங்கள். ஒஹாயோ மாநிலத்துப் பையன். 2006-ல் பள்ளி முடித்தபோது மின்னசோட்டா ட்வின்ஸ் அணி 17-ம் சுற்றில் எடுத்து, வீட்டுக்கே வந்து 3,90,000 டாலர் தருவதாகச் சொன்னது. அப்போது குடும்பத்தின் வக்கீல் கூட இருந்தார். அவர்கள் பணத்தை மறுத்தார்கள். பையன் ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். இரண்டு வருஷம் கழித்து ஆலோசகரை மாற்றினான். பழைய வக்கீல் தரப்பு பில் அனுப்பியது, விஷயம் என்.சி.ஏ.ஏ.வின் காதுக்கும் போயிற்று. 2008 மே மாதம், அணியின் முக்கியப் போட்டித் தொடர் தொடங்கும் நேரத்தில் ஆலிவருக்குத் தடை. குற்றம் என்ன? பதினெட்டு வயதில், தன் வீட்டு அறையில், தன் வக்கீலை உட்கார வைத்திருந்தது!

வழக்குப் போட்டார். 2009 பிப்ரவரியில் ஒஹாயோ நீதிபதி, அந்த விதி செல்லாது, வக்கீல் தன் கட்சிக்காரருக்கு எப்படி வேலை செய்வது என்பதை விளையாட்டுச் சங்கம் தீர்மானிக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். அந்த வருஷ டிராஃப்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தது. ஏறத்தாழ 15 லட்சம் டாலருக்குக் கையெழுத்தானது. பிறகு அக்டோபரில் என்.சி.ஏ.ஏ. 7,50,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. சமரசத்தோடு தீர்ப்பும் ரத்தானது. ஒருவனுக்குப் பணம் கிடைத்தது. விதி உயிரோடு தப்பியது.

அடுத்து மாட்டியவர் கென்டக்கி பல்கலைக்கழகத்து இடக்கைக்காரர் ஜேம்ஸ் பாக்ஸ்டன். கனடாவில் பிறந்தவர். 2009-ல் டொரோன்டோ அணி அவரை 37-வது ஆளாக எடுத்தது. அவர் கையெழுத்திடாமல் கல்லூரிக்குத் திரும்பினார். முகவர் அணியோடு பேசினாரா என்று என்.சி.ஏ.ஏ. விசாரிக்கக் கூப்பிட்டது. நீதிமன்றம் போனார், தோற்றார், கடைசி வருஷம் கல்லூரிக்காக ஆடாமலே வெளியேறினார். டெக்ஸாஸில் ஒரு சின்ன லீக்கில் சில ஆட்டம். 2010-ல் சியாட்டில் அணி எடுத்தபோது நாலாம் சுற்றுக்கு, 132-வது இடத்துக்கு இறங்கியிருந்தார். 2018 மே 8-ம் தேதி அதே டொரோன்டோவுக்கு எதிராக, அவர்கள் ஊரிலேயே, ஒரு 'ஹிட்' கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். கையில் கோளாறு இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

விதிக்கு வக்காலத்து வாங்குபவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, வக்கீல் பேசினால் மாணவன் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகிவிடுவானாம். சம்பளம் வாங்கினால்தானே தொழில்? பேசியதற்கே பட்டமா? இரண்டு, முகவர்கள் பையன்களை ஏமாற்றுவார்களாம். போலி வைத்தியர் இருக்கிறார் என்பதற்காக நோயாளிக்கு வைத்தியமே கிடையாது என்பீர்களா?

நான் வேலை பார்த்த அரசாங்கத்திலும் விதி உண்டு. துறை விசாரணையில் மாட்டும் ஊழியர், தமக்காகப் பேச இன்னொரு அரசு ஊழியரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வக்கீல் பொதுவாகக் கிடையாது. ஆனால் அரசாங்கம் தன் தரப்பில் வக்கீலை நிறுத்தினால் ஊழியரும் வக்கீலை வைத்துக்கொள்ளலாம். 1965-ம் வருஷத்து விதி இது. கடைநிலை ஊழியருக்கும் இதே உரிமை. அவ்வளவு மெதுவாக நகரும் நம் அரசாங்கத்துக்கே எதிரெதிர்த் தராசு சமமாக இருக்க வேண்டும் என்று புரிந்திருக்கிறது. கோடிக்கணக்கில் புரளும் அணி, பேரம் பேசியே பழுத்த அதிகாரியை அனுப்பும். எதிரே பையனும் அவன் அப்பா அம்மாவும் மட்டும். இது என்ன நியாயம்?

2016-ல் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகளுக்குப் போகவிருக்கும் பள்ளி மாணவர்கள் டிராஃப்டில் தேர்வானால் முகவர் வழியே பேசலாம் என்றார்கள். ஏற்கெனவே கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தவனுக்கு அந்தச் சலுகை இல்லை. 2021-ல் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம், அதற்கு முகவரும் வைக்கலாம் என்று அனுமதித்தார்கள். ஷூ விளம்பரத்துக்கு ஆள் வைக்கலாம், வாழ்க்கை ஒப்பந்தத்துக்குக் கூடாது!

வீச்சாளனின் கை எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. முழங்கைத் தசைநார் அறுந்தவருக்கு 1974-ல் முதன்முதலாக அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அவர் டாமி ஜான், இடக்கைக்காரர். இன்றும் அந்தச் சிகிச்சைக்குப் பிறகு தேற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்படிப்பட்ட தொழிலில் முதல் கையெழுத்தே கடைசிக் கையெழுத்தாகவும் போகலாம். அந்த ஒரு நாளில் பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் வேண்டாமா?

உங்கள் பேரப்பிள்ளை யாராவது அங்கே விளையாட்டு உதவித்தொகையில் படித்தால், பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள்: முகவரிடம் வாய் திறப்பதற்கு முன் அந்த வருஷத்து விதிப்புத்தகத்தை வாங்கி வரிவரியாகப் படிக்கட்டும். படித்துவிட்டு, நியாயமில்லாத வரிக்கு எதிராகக் குரலும் கொடுக்கட்டும்.