தொகுப்பதும் ஆராய்ச்சியே!

விஞ்ஞானி என்றதும் சோதனைக் குழாயும் மைக்ராஸ்கோப்பும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். பிறர் கண்டறிந்தவற்றைத் திரட்டி, சரிபார்த்து, ஒழுங்குபடுத்துபவரை ஆராய்ச்சியாளராக ஏற்க விஞ்ஞான உலகமே தயங்குவதுண்டு. இத்தயக்கம் எவ்வளவு தவறானது என்பதற்கு அமெரிக்க விஞ்ஞானி மார்கரெட் டேஹாஃப் அம்மையாரின் வாழ்வே சான்று.

1925-ல் பிலடெல்பியாவில் பிறந்த அவர், கொலம்பியா பல்கலைக் கழகத்தில் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அலுவலகக் கணக்குகளுக்குப் பயன்பட்டுவந்த துளை அட்டை இயந்திரங்களைக் கொண்டு மூலக்கூறுகளின் சக்தியை அப்போதே கணக்கிட்டார். குழந்தைகளை வளர்ப்பதற்காகச் சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்து, 1960-ல் வாஷிங்டன் அருகிலுள்ள தேசிய உயிர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

புரோட்டீன் என்பது 20 வகை அமினோ அமிலங்கள் மணிகளைப் போல் கோக்கப்பட்ட சங்கிலி. அவற்றின் வரிசையை அறியும் முறை 1950-களில் கைவந்தது. ஆனால் முடிவுகள் பல பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிச் சேர்த்து, 65 புரோட்டீன்களின் விவரங்களை 1965-ல் தம் குழுவினருடன் ஒரே நூலாக வெளியிட்டார். ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் அவர் வகுத்த ஒற்றை எழுத்துக் குறி இன்றும் உலகெங்கும் வழங்குகிறது.

சேர்த்து வைத்ததோடு அவர் நிற்கவில்லை. மனிதன், குதிரை, ஈஸ்ட் ஆகியவற்றில் உள்ள ஒரே புரோட்டீனை ஒப்பிட்டால், வேறுபாடு குறைந்தவை அண்மையில் பிரிந்தவை. மிகுந்தவை வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்தவை. இந்த அடிப்படையில் உயிரினங்களின் வம்ச விருட்சத்தைக் கம்ப்யூட்டர் கொண்டு வரைந்தார். 1978-ல், 71 புரோட்டீன் தொகுதிகளில் 1,572 மாற்றங்களை எண்ணி, எந்த அமினோ அமிலம் எதுவாக மாறும் வாய்ப்பு அதிகம் என்று அட்டவணை தந்தார். தொகுப்பு இல்லையேல் அட்டவணை ஏது?

ஆயினும், 1982-ல் மரபணு வரிசைகளுக்குப் பொது வங்கி அமைக்க அமெரிக்க அரசு முன்வந்தபோது, அப்பணி அவருக்குக் கிட்டவில்லை. லாஸ் அலமாஸ் குழுவினரிடம் போயிற்று. தொகுப்பை விலைக்கு விற்றார், உரிமையைத் தம்மிடமே வைத்துக் கொண்டார் என்ற குறை அவர்மீது இருந்தது. அதில் நியாயம் இல்லாமலில்லை; எல்லோரும் தந்த தகவல் எல்லோருக்கும் எட்ட வேண்டும். ஆனால், ஓயாமல் சரிபார்க்கும் வேலைக்கு ஆகும் செலவை யார் ஏற்பது? பொதுப் பணம் போதாத இடத்தில் நூலை விற்றது குற்றமாகுமா? அடுத்த ஆண்டே, தமது 57-வது வயதில் அவர் காலமானார்.

2024-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசில் ஒரு பாதி, புரோட்டீன்களின் வடிவத்தைக் கம்ப்யூட்டர் மூலம் கணித்தவர்களுக்குக் கிடைத்தது. அந்தக் கம்ப்யூட்டர் பாடம் படித்தது, பலர் பல்லாண்டுகள் சேர்த்துவைத்த தகவல் வங்கிகளில்தான்! பரிசு கட்டியவனுக்கு, கல் சுமந்தவனுக்கு?

இந்தியாவும் இத்தகைய உயிரியல் தகவல் மையம் ஒன்றை 2022-ல் ஃபரீதாபாத்தில் தொடங்கியது. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் கட்டிடமும் இயந்திரமும் மட்டும் போதா. தகவலைச் சரிபார்ப்பவர்களுக்கு நிலையான பதவியும், உரிய ஊதியமும், விஞ்ஞானி என்ற அந்தஸ்தும் வேண்டும். வெளியிட்ட கட்டுரைகளை எண்ணித் தகுதியை அளக்கும் வழக்கம் மாறாதவரை, இப்பணிக்குத் திறமையுள்ள இளைஞர்கள் வரமாட்டார்கள். களஞ்சியத்தைக் காப்பவனைப் பட்டினி போட்டுவிட்டு விளைச்சலைப் பற்றிப் பெருமை பேசுவது எந்த நாட்டுக்கும் அழகல்ல.