வழவழப்பு ஒரு சுவையன்று

உயர்விலை டெக்கீலாவுக்கு இன்று கிடைக்கும் உச்சப் பாராட்டு, "தொண்டையில் எரிச்சலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது" என்பதுதான். இந்தப் பாராட்டை நான் ஏற்கவில்லை. தண்ணீரும் அப்படித்தான் இறங்குகிறது. அதற்காக யாரும் பல்லாயிரம் ரூபாய் கொடுப்பதில்லை.

பீப்பாயில் ஊறாத பிளாங்கோ வகையையே எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவின் விதிப்படி ரெப்போசாடோ குறைந்தது 2 மாதமும், அன்யேஹோ குறைந்தது 1 ஆண்டும் ஓக் மரத்தில் கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கும், ஆவியாகிப் போகும் மதுவுக்கும் விலை கேட்பதில் நியாயம் உண்டு. பிளாங்கோவுக்கு அந்தச் செலவு இல்லை. அப்படியிருக்க, ஒரு பிளாங்கோ இன்னொன்றைப் போல் மூன்று மடங்கு விலை பெறுவது எதனால்?

நேர்மையான விடை வயலிலும் சூளையிலும் இருக்க வேண்டும். நம் வேலியோரங்களில் நிற்கும் ஆனைக்கற்றாழையின் உறவான நீல அகேவ் முதிர ஏறக்குறைய 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். அதன் இலைகளைச் சீவி, நடுத்தண்டைச் செங்கற்சூளையில் நாள்கணக்கில் வேகவைத்துச் சாறெடுப்பது பழைய முறை. பச்சைத் தண்டைத் துருவி, வெந்நீரால் சர்க்கரையைக் கழுவியெடுக்கும் டிஃப்யூசர் எந்திரம் புதிய முறை. பின்னதில் விரைவும் விளைச்சலும் மிகுதி. வெந்த அகேவின் மணம் குறைவு. இரண்டின் புட்டியிலும் '100 விழுக்காடு அகேவ்' என்றே அச்சிடலாம்.

எனவே நாக்குக்கும் மூக்குக்கும் வேலை கொடுங்கள். பனிக்கட்டி, உப்பு, எலுமிச்சை எதுவும் வேண்டாம். வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் சிறிதளவு ஊற்றி முகருங்கள். வெந்த அகேவின் இனிமை, மிளகின் காரம், எலுமிச்சைத் தோல், ஈரமண் ஆகியவை பிளாங்கோவுக்கு உரியவை. மரத்தையே காணாத மதுவில் வனிலாவும் கேக்கும் மணத்தால் ஐயப்படுங்கள். கிளிசரின், சர்க்கரைப் பாகு, ஓக் சாறு போன்றவற்றை எடையில் 1 விழுக்காட்டுக்குள் சேர்த்த டெக்கீலா, அதைப் புட்டியில் அறிவிக்க வேண்டிய கட்டாயமில்லை. புகழப்படும் அந்த வழவழப்பு பல வேளைகளில் கிளிசரினின் கொடையாக இருக்கக்கூடும்.

"சுவை அவரவர் விருப்பம்" என்று மறுப்போர் உண்டு. மெய்தான். இனிப்பான மதுவை விரும்புவோர் தாராளமாக அருந்தட்டும். ஆனால் விலை என்பது விருப்பமன்று. அது ஒரு கூற்று. "இதில் கூடுதல் உழைப்பும் காலமும் உள்ளன" என்று அது நம்மிடம் சொல்கிறது. கூற்றென்றால் சான்று கேட்கலாம். புட்டியில் உள்ள நோம் எண் எந்த ஆலை என்பதைக் காட்டும். ஒரே எண்ணின்கீழ் வெவ்வேறு விலையில் பல பெயர்கள் வெளிவருவதும் உண்டு. எந்தச் சூளை, எந்த ஆலைக்கல், என்ன சேர்மானம் என்று சொல்லாமல், கைவண்ணப் புட்டியையும் நடிகரின் முகத்தையும் மட்டும் முன்வைக்கும் விலை சான்றற்றது.

இது குடிப்பவரின் பணத்தோடு முடியும் வழக்கும் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் கிலோ 30 பெசோ அளவில் விற்ற அகேவ், 2024இல் 10 பெசோவுக்கும் கீழே சரிந்தது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பயிரை வளர்த்த ஹலிஸ்கோ உழவர் அந்த இழப்பைச் சுமந்தார். உயர்விலைப் புட்டிகள் அந்த அளவுக்கு மலிந்ததை எவரேனும் கண்டதுண்டா? வழவழப்பையும் புட்டியின் அழகையும் நாம் புகழும் ஒவ்வொரு முறையும், வயலுக்குச் சேர வேண்டிய மதிப்பைப் புட்டிக்கு எழுதிக்கொடுக்கிறோம்.